முட்டி மடங்காதவருக்கு ஒரு குழி

மயானத்தில் குழி வெட்டுவதற்கு விதி உண்டு. பெரியவர்களுக்கான குழி ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஆறடி ஆழம் இருக்க வேண்டும். பெட்டி வைத்துப் புதைப்பதானால் நான்கு பக்கமும் அரையடி கூட்டிக்கொள்ளலாம். குழிக்குள் செங்கல், கல், சுண்ணாம்பு, சிமென்ட் எதையும் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. எங்கள் நகராட்சி அலுவலகத்தில் மயானப் பதிவேடு பன்னிரண்டு ஆண்டுகள் என் மேசையில் இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த விதியை ஒப்பிப்பேன். என் மனைவி ஒருநாளும் அப்படி எழுப்பிக் கேட்டதில்லை.

விதியை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. இறந்தவர்கள் எல்லோரும் படுத்திருப்பார்கள் என்று நம்பியவர் என்பது மட்டும் தெரிகிறது.

ஆரணி நெசவுக் குடும்பங்களில் சில வகையறாக்கள் இறந்தவரை உட்கார வைத்துத்தான் புதைப்பார்கள். நாங்கள் அந்த வகையறா. குளிப்பாட்டி, திருநீறு பூசி, சம்மணம் போட வைத்து, நாற்காலி மாதிரி கட்டிய பாடையில் தூக்கிக்கொண்டு போவோம். சதுரமாக வெட்டிய குழியில் வடக்குப் பார்த்து உட்கார வைத்து மூடுவோம். இந்த முறை விதியில் எங்கும் இல்லை. விதி எங்கள் முறையில் எங்கும் இல்லை. ஆனாலும் இரண்டும் சண்டையின்றி ஒரே ஊரில் குடியிருந்தன, ஏனென்றால் குழியை யாரும் அளந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் 'ஆறரைக்கு இரண்டரை' என்று நான் எழுதிவிடுவேன். பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பேரை அவர்களுடைய மக்கள் உட்கார வைத்தார்கள். நான் பதிவேட்டில் படுக்க வைத்தேன்.

இந்த அமைதியைக் கெடுத்தவர் என் மாமனார். அவர் அனுமதி கேட்டார்.

அவர் பட்டு நெய்தவர். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி அவர் வீடு. வீட்டின் முன்கூடம் முழுக்கத் தறி. எங்கள் பக்கத்துத் தறிகள் குழித்தறிகள். தரையில் ஒரு குழி. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு, அடியில் இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் குழியில் காலை விட்டவர் அறுபத்தாறு வயதிலும் எடுக்கவில்லை. அவருடைய முட்டி இரண்டும் அந்த ஒரு கோணத்தை மனப்பாடம் செய்துவிட்டன. நீட்டினால் ஓரளவு நீளும். சம்மணம் மட்டும் முடியவே முடியாது. கல்யாண வீடுகளில் எல்லோரும் தரையில் பந்தியில் உட்கார்ந்திருக்க, அவருக்கு மட்டும் நாற்காலியும், இலை போட ஒரு முக்காலியும் கொண்டுவருவார்கள். "கலெக்டர் வந்துட்டாருப்பா, சாம்பார் ஊத்துங்க" என்று யாராவது சொல்வார்கள். அவரும் கலெக்டர் மாதிரியே தலையசைத்துச் சாப்பிடுவார்.

எழுபத்தாறாம் வருஷம் மார்கழியில் அவருடைய அண்ணன் இறந்தார். அவரும் நெசவாளர், அவருக்கும் அதே முட்டி. விடியற்காலையில் கட்டிலில் நீட்டிப் படுத்தபடியே போய்விட்டார். வெளியூர் உறவு வந்து சேர்வதற்குள் உடம்பு விறைத்துவிட்டது. குளிப்பாட்டிய பிறகு சம்மணம் போட வைக்க வேண்டும். எங்கள் வகையறாவுக்கு ஒரு பெரியவர் உண்டு. கல்யாணத்தில் தாலி எடுத்துக்கொடுப்பது முதல் குழியில் முதல் பிடி மண் போடுவது வரை எல்லாம் அவர் சொல்படிதான். அவர், "ரெண்டு பேரு முட்டியப் புடிச்சு அழுத்துங்க" என்றார். இரண்டு பேர் பிடித்து அழுத்தினார்கள்.

என் மாமனார் அடுத்த அறையில் இருந்தார். நான் அவர் பக்கத்தில் இருந்தேன். அந்தச் சத்தத்தை இருவரும் கேட்டோம். அதை எழுத்தில் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முருங்கைக்கிளை முறிவது போல என்று சொன்னால் ஓரளவு சரி. சத்தம் இரண்டு முறை கேட்டது.

பத்து நாள் அவர் தறியில் உட்காரவில்லை. பதினோராம் நாள் உட்கார்ந்தார். அன்று மாலை நான் அலுவலகம் விட்டு வரும்போது வாசலிலேயே கூப்பிட்டார்.

"மாப்ளே, இங்க வாங்க. நான் எப்படி உக்காந்துகினு இருக்கேன் பாருங்க."

"எப்பவும் போலத்தான் மாமா."

"அதாங்க சொல்ல வந்தேன். எப்பவும் போல. நான் போனப்புறமும் எப்பவும் போலவே உக்காரணும். அதுக்குத் தோதா ஒரு குழி வேணும். இந்தக் குழி மாதிரி."

"தறிக்குழி மாதிரியா?"

"மாதிரி என்ன, இதேதான். நான் உக்கார ஒரு மேடை, கால் தொங்கப்போட ஒரு பள்ளம். என் முட்டிய ஒருத்தனும் தொடக் கூடாது."

உள்ளே இருந்து என் மாமியார் குரல் கொடுத்தார். "ஏங்க, விளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சு இது? மாப்பிள்ளைக்கு மொதல்ல காப்பி குடுக்க வேணாமா?"

"காப்பி குடிச்சுகினே கேட்கட்டும்" என்றார் மாமனார்.

நான் யோசித்துப் பார்த்தேன். சதுரக் குழியாக வெட்டினால் போதும் என்ற வரைக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் காலுக்குத் தனிப் பள்ளம் என்றால் உட்காரும் விளிம்பு நிற்க வேண்டும். எங்கள் மயானம் ஆற்றுக்குப் பக்கம். மண் பாதிக்குப் பாதி மணல். விளிம்பு ஒரு மணி நேரம்கூட நிற்காது. செங்கல் வைத்துக் கட்டித்தான் ஆக வேண்டும். செங்கல் என்றால் முன் அனுமதி. இதைச் சொன்னேன். சொன்னது என் தவறு. சொல்லாமல் இருந்திருந்தால் கொத்தனாரைக் கூட்டிப்போய்க் கட்டியிருப்பார். நானும் ஆறரைக்கு இரண்டரை என்று எழுதியிருப்பேன்.

"அனுமதிதானே? எழுதிக் கேட்டுடலாம். மாப்பிள்ளை ஆபீஸ்ல இருக்கும்போது இன்னா பேஜாரு?" என்றார்.

பெண்ணை அரசாங்க ஊழியருக்குக் கொடுத்தவர்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை உண்டு.

குழிக்கு முன்பே பெட்டி வந்துவிட்டது. தறி செய்கிற ஆசாரி ஒருவரை வரவழைத்து, மேலே இருந்து விழுகிற மண் மடியையும் முட்டியையும் அழுத்தாதபடி நாற்காலி வடிவத்தில் ஒரு பெட்டி வேண்டும் என்றார். ஆசாரி அதுவரை செய்த பெட்டிகள் எல்லாம் நூல் வைக்கிற பெட்டிகள். அவர் அளவெடுப்பதற்காக மாமனாரைத் தறியிலேயே உட்கார வைத்து, இடுப்பிலிருந்து முட்டி வரை, முட்டியிலிருந்து பாதம் வரை, முதுகின் சாய்வு எவ்வளவு என்று கோலால் அளந்துகொண்டார்.

"முதுகு இவ்ளோ சாஞ்சா போதுமா மொதலாளி? இன்னும் கொஞ்சம் சாய்க்கட்டுமா?"

"ரொம்பச் சாய்க்காதே. தூங்கிடுவேன்."

ஆசாரி சிரிக்கவில்லை. தொழில் விஷயத்தில் அவர் யாருடைய நகைச்சுவையையும் கேட்பவர் அல்ல. பின்பலகையைத் தனியாகக் கழற்றலாம். முன்பலகை கீல் வைத்துத் திறக்கும். மடிக்கு மேலே ஒரு வளைந்த மூடி. உட்கார வைத்த பிறகு மூடியைச் சாத்தினால் மண் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். இதையெல்லாம் அவரே யோசித்துச் செய்தார். பெட்டி வந்த நாளில் மாமனார் அதில் உட்கார்ந்து பார்த்தார். முன்பலகையைச் சாத்தச் சொன்னார். மூடியைப் போடச் சொன்னார். உள்ளேயிருந்து, "சௌகரியமாத்தான் கீது" என்று குரல் வந்தது. மாமியார் அன்று முழுக்க அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு வாரத்தில் அந்தப் பெட்டியில் பூண்டு காயப்போட ஆரம்பித்தார்.

எழுபத்தேழு தையில் மனு கொடுத்தோம். அதற்கென்று அச்சிட்ட படிவம் இருந்தது. இறந்தவர் பெயர் என்ற இடத்தில் மாமனார் தம் பெயரை எழுதினார். இறந்த தேதி என்ற இடத்தில் 'இன்னும் இல்லை' என்று எழுதினார். மனுதாரருக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் 'நானேதான்' என்று எழுதினார்.

"இறப்புக்குக் காரணம்னு கேட்டுகீறானே, இன்னா எழுதட்டும்?"

"பிடிவாதம்னு எழுதச் சொல்லுங்க" என்றார் மாமியார், என்னைப் பார்த்து.

அந்த இடத்தில் நான் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

இங்கே இன்னொரு விதி குறுக்கே வந்தது. ஊழியர் தம் நெருங்கிய உறவினர் சம்பந்தப்பட்ட கோப்பைக் கையாளக் கூடாது. நல்ல விதி. அதை நான் மதித்தேன். கோப்பை அடுத்த மேசைக்கு மாற்றினேன். அடுத்த மேசை பிறப்புப் பதிவு. ஆக, என் மாமனாருடைய குழி பிறப்புப் பிரிவில் கிடந்தது. அந்தப் பிரிவு நண்பர் நல்லவர். ஆனால் பிள்ளை பெற்றவர்கள் தினமும் வாசலில் நின்றார்கள், இறக்கப் போகிறவர் ஒருவர்தான். ஏழு மாதம் கழித்துக் கோப்பு மேல் அலுவலகத்துக்குப் போனது.

மேல் அலுவலகத்தின் முதல் கேள்வி: 'இறப்புச் சான்றிதழின் நகல் இணைக்கப்படவில்லை. ஏன்?'

மனுதாரர் உயிரோடு இருப்பதாகப் பதில் அனுப்பினோம்.

இரண்டாவது கேள்வி: 'உயிரோடு இருப்பவருக்குக் குழி எதற்கு என்பதை விளக்கவும்.'

முட்டியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய மிகச் சிறந்த குறிப்பு அது என்று இன்றும் நினைக்கிறேன். கையெழுத்து மாமனாருடையது, ஆதலால் விதி மீறல் இல்லை. இதைப் படித்த மேல் அலுவலகத்தில் யாரோ 'செங்கல்', 'மேடை', 'உட்காரும் வசதி' என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டு, கோப்பைக் கட்டடப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். கட்டடப் பிரிவு தன் வழக்கப்படி கேட்டது: 'வரைபடத்தில் காற்றோட்ட வசதி காட்டப்படவில்லை. மேற்படி கட்டடத்தைப் புழங்குவோர் எண்ணிக்கையும் தெரிவிக்கப்படவில்லை.'

மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் தறியில் நாடா ஓட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "ஒருத்தர்னு எழுதுங்க. வெளிய வர்ற உத்தேசம் இல்லைன்னும் எழுதுங்க."

'ஒருவர், நிரந்தரப் பயன்பாடு' என்று தட்டச்சு செய்தேன்.

இப்படியே எழுபத்தெட்டு போயிற்று, எழுபத்தொன்பதும் வந்தது. இடையில் எங்கள் அலுவலகத்து ஓவர்சியர் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "எனக்கே புரியலைங்க. மேல எப்படிப் புரியும்? ஒரு மாதிரி கட்டிக் காட்டச் சொல்லுங்க. போட்டோ எடுத்து அனுப்பிடலாம்" என்றார். மாதிரி கட்ட அனுமதி வேண்டுமா என்று விதிப் புத்தகத்தை இரண்டு நாள் புரட்டினேன். விதி மாதிரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனவே மயானத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு மாதிரிக் குழி கட்டுவது என்று முடிவாயிற்று.

ஊரில் தறிக்குழி கட்டுகிற கொத்தனார் ஒருவர் இருந்தார். வேறு வேலைக்குப் போகமாட்டார், தறிக்குழி மட்டும்தான். "நம்ம வீட்டுக் குழி மாதிரியே" என்று மாமனார் அவரிடம் சொன்னார். அவர் மூன்று நாளில் முடித்துவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தோம். அருமையான வேலை. உட்காரும் விளிம்பு, கால் பள்ளம், பூச்சு எல்லாம் வழவழவென்று இருந்தன. கால் பள்ளத்தின் அடியில் இரண்டு பக்கமும் ஓட்டைகள் இருந்தன. வலக்கைப் பக்கம் சுவரில் ஒரு சிறிய மாடம் இருந்தது.

"இந்த ஓட்டை எதுக்கு?" என்றார் மாமனார்.

"மிதிகட்டை மாட்ட" என்றார் கொத்தனார்.

"போன எடத்துலயும் என்ன நெய்யச் சொல்றியா?"

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "கை பழகிப்போச்சு மொதலாளி."

"அந்த மாடம்?"

"வெத்தலப் பெட்டி வெக்க."

தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால், எங்கள் ஊர்த் தறிக்குழி ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெற்றிலைப் பெட்டிக்கு ஒரு மாடம் உண்டு. அவர் அதையும் விடவில்லை. மாமனார் குனிந்து மாடத்தைப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் விஷயம் பெரியவர் காதுக்குப் போயிற்று. அண்ணன் முட்டியை அழுத்தச் சொன்ன அதே பெரியவர். அவர் கோபமாக மயானத்துக்கு வந்தார். ஓவர்சியரோடு நானும் அங்கே இருந்தேன். பெரியவர் குழியைச் சுற்றி வந்து, குனிந்து உள்ளே பார்த்தார். மாடத்தைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தணிந்தது. எங்கள் முறைப்படி குழியில் விளக்கு வைக்கப் பக்கச் சுவரில் ஒரு மாடம் தோண்ட வேண்டும். பல பேர் அதைச் சோம்பலால் விட்டுவிடுவார்கள்.

"விளக்கு மாடம் வெச்சுகீறான். வடக்க பாத்துத்தான் கீது. எல்லாம் தெரிஞ்சவன்தான் கட்டிகீறான்" என்றார்.

கொத்தனார் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

அதற்குள் மாமனாரும் வந்துவிட்டார். பெரியவர் அவரைப் பார்த்து, "மாடம் சரி. கால் தப்பு. காலைத் தொங்கப்போட்டுகினு சாமிகிட்ட போறதா? அது மரியாதையா?" என்றார்.

"அம்பது வருஷமா காலைத் தொங்கப்போட்டுத்தான் சாமிக்கு வஸ்திரம் நெய்ஞ்சேன். ஒரு தடவையாவது வேணாம்னு திருப்பி அனுப்புச்சா?"

"அது தொழிலுப்பா. இது வழக்கம். நம்ம வழக்கம் சம்மணம். உன் முட்டி மடங்கலைன்னா அதுக்கு வழக்கம் இன்னா பண்ணும்?"

"வழக்கம் ஒண்ணும் பண்ண வேணாம். ரெண்டு ஆளுங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போதும்."

பெரியவர் அத்தோடு கிளம்பிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு வகையறாவில் எந்த விசேஷத்திலும், "அவன் குழிக்கு நான் மண் போட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமனாருக்கு இது உறைத்தது. வேடிக்கை பேசினாலும் உறைத்தது. பெரியவர் மண் போடாமல் அடக்கம் கிடையாது. கடைசியில் அவர் வந்து நின்று, "இதெல்லாம் வேணாம், முட்டிய அழுத்துங்க" என்றால் வகையறாப் பையன்கள் அவர் பேச்சைத்தான் கேட்பார்கள். "அந்த நேரத்துல நான் வேணாம்னு சொல்ல முடியாதே, மாப்ளே. ஆபீஸ் காயிதம் ஒண்ணு கையில இருந்தா அதைக் காட்டலாம்" என்பார். ஒவ்வொரு மாலையும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "தபால் வந்துதா?" என்பதுதான்.

போட்டோக்கள் மேலே போயின. 'போட்டோவில் குழி காலியாக உள்ளது' என்று பதில் வந்தது. அது கேள்வியா, குறையா, தெரிவிப்பா என்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் விளங்கவில்லை. கோப்பில் வைத்தோம்.

எண்பதாம் வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. ஊரில் பாதித் தறிக்குழிகளில் ஊற்று எடுத்து வேலை நின்றிருந்தது. அப்படி ஒரு நாள் விடியற்காலையில் பெரியவர் இறந்தார். இரண்டு மாதமாக மூச்சுத் தொல்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்குவார். உட்கார்ந்தபடியேதான் போனார். அவர் மகள் தேவிகாபுரத்தில் வாக்கப்பட்டவள். வழியில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. அவள் வந்து சேரும்போது மாலை நான்கு மணி. அதுவரை யாரும் அவரை நாற்காலியிலிருந்து அசைக்கவில்லை. உட்கார்ந்துதானே இருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

குளிப்பாட்டத் தூக்கியபோதுதான் தெரிந்தது. காலைத் தொங்கவிட்ட நிலையிலேயே விறைத்துவிட்டார். பலகையில் வைத்தால் நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தார்.

நான் வாசலில் குடையோடு நின்றிருந்தேன். உள்ளே யாரோ, "ரெண்டு பேரு இந்தப் பக்கம் வாங்க, முட்டியப் புடிங்க" என்றார்கள். அதே நேரத்தில் மழையில் நனைந்தபடி என் மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"கை வெக்காதீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பெரியவருடைய மகன் அப்போது பட்டுக் கடை வைத்திருந்தான். ஊரில் மதிப்பான ஆள். அவன் முட்டியைப் பிடித்தபடியே நின்றான்.

"என் குழி இருக்கு. என் பெட்டி இருக்கு. அண்ணனை அப்படியே கூட்டிகினு போங்க" என்றார் மாமனார். பெரியவரை அவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"சித்தப்பா, அப்பா அதுக்கு ஒத்துக்கலையே. ஊருக்கே தெரியுமே."

"ஒத்துக்கலைன்னா எழுந்து சொல்லட்டும்."

மகன் முட்டியிலிருந்து கையை எடுத்தான். எடுத்துவிட்டுத்தான் அழுதான், அதுவரை அவன் அழவில்லை.

பெட்டியிலிருந்த பூண்டை மாமியார் அவசரமாக முறத்தில் கொட்டினார். ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினோம். பெரியவர் என் மாமனாரைவிடக் குட்டை. பெட்டியில் உட்கார வைத்ததும் பாதம் தரைக்கு எட்டவில்லை. ஆசாரி ஒரு கணம் பார்த்துவிட்டு, தம் சைக்கிளில் கட்டிவைத்திருந்த மிதிகட்டை ஒன்றை எடுத்துக் காலடியில் பொருத்தினார். கச்சிதமாக இருந்தது. பெரியவருக்கு வாழ்நாளில் தறியில் உட்கார்ந்து பழக்கம் இல்லை, வியாபாரக் குடும்பம். மாடத்தில் விளக்கு வைத்தார்கள். மேலே தகரம் போட்டு மூடியிருந்ததாலும் பூச்சு வேலை நன்றாக இருந்ததாலும் குழியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முதல் பிடி மண்ணை யார் போடுவது என்று ஒரு தயக்கம் வந்தது. போட வேண்டியவரே உள்ளே இருந்தார். கடைசியில் என் மாமனார் போட்டார்.

மறுநாள் பதிவேட்டை எடுத்தேன். ஆறரைக்கு இரண்டரை என்று எழுதப் பேனா தானாகவே போயிற்று. ஏனோ அன்று நிறுத்திக்கொண்டேன். குறிப்புப் பத்தியில், 'நிலுவையில் உள்ள மனு தொடர்பான மாதிரிக் குழி, சோதனை முறையில் பயன்படுத்தப்பட்டது. அமர்ந்த நிலை' என்று எழுதினேன். எங்கள் வகையறாவின் அடக்கம் பற்றி அந்தப் பதிவேட்டில் நான் எழுதிய முதல் உண்மை அது. உண்மை எழுதினால் விசாரணை வரும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்பத்தொன்றில் விசாரணை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். அனுமதி இல்லாத குழியில் அனுமதி கேட்காத ஒருவரை எப்படிப் புதைத்தீர்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அன்றிலிருந்து கொத்தனார் எழுத்து மூல உத்தரவு இல்லாமல் மயானத்துப் பக்கம் செங்கல்லைக்கூடக் கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதனால் கஷ்டப்பட்டது என் மாமனார்தான். தம் குழியைக் கொடுத்துவிட்டார். இரண்டாவது குழிக்கு வழியில்லை. அந்த வருஷம் அவருக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்து, இரண்டாவது முறை ஒரு வாரம் எழுந்திருக்கவே இல்லை. கட்டிலில் படுத்தபடி காலை மட்டும் வெளியே தொங்கவிட்டிருப்பார். "நீட்டிகினே போயிட்டா கூடப் பொறந்த அண்ணன் கதைதான்" என்பார். புதுப் பெட்டி ஒன்றை ஆசாரி செய்து கொடுத்திருந்தார். இந்த முறை மாமியார் அதில் எதையும் காயப்போடவில்லை.

விசாரணை அதிகாரி பெரியவருடைய மகனையும் விசாரித்தார். நான் அவருக்கு எழுதிக்கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"உங்கள் வகையறாவில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்துப் புதைப்பது வழக்கமா?"

"ஆமாங்க."

"எப்போதிலிருந்து?"

"எங்க அப்பாவே அப்படித்தாங்க போனாரு. எங்க அப்பா வழக்கத்துலேர்ந்து ஒரு இம்மி தவறாத மனுஷன். ஊர்ல யாரை வேணா கேளுங்க. அப்போ அதுதானே வழக்கமா இருந்திருக்கும்?"

அதிகாரி ஊரில் நான்கு பேரைக் கேட்டார். நான்கு பேரும் பெரியவர் வழக்கம் தவறாதவர் என்று கற்பூரம் அடித்துச் சொல்லத் தயாராக இருந்தார்கள். அது முழுக்க உண்மையும்கூட. அதிகாரி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் வேலை எழுதுவது.

அறிக்கை மேலே போனது. மறுபடியும் ஒரு வருஷம். என் மாமனார் காய்ச்சல் தெளிந்து தறிக்கே திரும்பிவிட்டார். ஆனால் இரண்டு மணி நேரம் நெய்தால் நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். காலை வெளியே எடுக்க மாட்டார். அங்கே உட்கார்ந்தபடி போய்விட்டால் விறைத்தாலும் சரியாக இருக்கும் என்று ஒரு கணக்கு. மாமியார் சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துவிடுவார். ஒருநாள், "ஜல்தியா வரச் சொல்லுங்க மாப்ளே உங்க காயிதத்த. எனக்குக் குந்திக் குந்தி இடுப்பு போச்சு" என்றார்.

அந்தத் தபால் என் மேசைக்கு வந்தபோது காலை பதினொன்றரை இருக்கும். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே படித்தேன்: 'மேற்படி வகையறாவினரிடையே காலைத் தொங்கவிட்டு அமர்ந்த நிலையில் அடக்கம் செய்யும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவருவது விசாரணையில் தெரியவருகிறது. அவ்வழக்கத்துக்குத் தேவையான அளவு செங்கல் வேலைக்கும் தனி அனுமதி தேவையில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.'

"இன்னொரு தபா படிங்க."

படித்தேன்.

"தொன்றுதொட்டுன்னா எப்பலேர்ந்து?"

"வர்ற ஐப்பசி வந்தா ரெண்டு வருஷம் மாமா."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முட்டிகளை மூடிக்கொண்டார். "அப்போ இதை யாரும் தொட மாட்டாங்களே?"

"தொட முடியாது. இனிமே யாராவது மடக்கணும்னாத்தான் எங்க ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்."

அவர் கையை நீட்டினார். நான் பிடித்து இழுத்துத் தூக்கிவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு பகல் வேளையில் குழியைவிட்டு வெளியே வந்து, தடியை ஊன்றி, கொத்தனாரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வாசல்படி இறங்கினார். மாமியார் தாளை என்னிடமிருந்து வாங்கி, ஓரத்தில் இருந்த எங்கள் அலுவலக முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். முத்திரையில் இருந்த தேதி 1982 செப்டம்பர் ஒன்பது, வியாழக்கிழமை.